லியோவால் முடியாத வேலை

கீழ் அம்புக்குறியை ஒருமுறை அழுத்திவிட்டு யேசுராஜ் குளிக்கப் போனான். தலை துவட்டிக்கொண்டு வந்து பார்த்தபோது, திரையில் வெளிச்சப் பட்டை அப்போதுதான் ஒரு வரி கீழே இறங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததிலிருந்து இதே பாடுதான்.

மடிக்கணினி அவன் மனைவி சாராளுடையது. கெலமங்கலம் பஸ் ஸ்டாண்டு எதிரில் அவள் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடைக்கு அதுதான் உயிர். உள்ளே இருந்த பட்டன் பேட்டரி செத்து, அதற்குத் தேதி மறந்துவிட்டது. புது பேட்டரி போட்டாகிவிட்டது. ஆனாலும் பயோஸ் என்கிற அந்த நீலப் பக்கத்துக்குள் போய் இன்றைய தேதியைப் போட்டால்தான் மேற்கொண்டு நகர்வேன் என்று அடம்பிடித்தது.

நாளை கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். கடை திறக்கும் முன்பே பிள்ளைகள் வந்து நிற்பார்கள்.

யேசுராஜுக்கு வயிறு எரிந்தது பிள்ளைகளுக்காக இல்லை. லியோவுக்காக.

இரண்டு பேரும் சிப்காட்டில் ஒரே கம்பெனியில், ஒரே மேசையில், ஆறு வருஷம் பாகங்களைச் சோதித்தவர்கள். தப்பான பாகம் கிடைத்தால் அதன் மேல் சிவப்பு மார்க்கரால் ஒரு பொட்டு. அவ்வளவுதான் வேலை. தப்பைக் கண்டவன் அதைத் திருத்தக் கூடாது, திருத்துவதற்கு வேறு ஆள் உண்டு என்பது கம்பெனிச் சட்டம். அந்தப் பழக்கத்தில் யேசுராஜ் ஒருமுறை மச்சினன் வாங்கிவந்த பலாப்பழத்துக்கே பொட்டு வைத்திருக்கிறான். வெட்டிப் பார்த்தால் உள்ளே ஒரு சுளைகூட இல்லை.

லியோ வேலையை விட்டு ஓசூர் பாகலூர் ரோட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை போட்டான். கண்ணாடிக் கதவு, ஏசி. யேசுராஜ் இன்னும் அதே மேசையில் இருக்கிறான்.

அது போகட்டும். சாராள் வாயில் நாளுக்கு நாற்பது தடவை லியோ.

நேற்று பேட்டரி போட்டது அவன்தான். போட்டுவிட்டு மீதி வேலையை அப்படியே திருப்பிக் கொடுத்து அனுப்பியிருந்தான்.

“‘இது அண்ணன் பாத்தாதான் சரியாவும், அவருகிட்ட குடுத்துருங்க அக்கா’ன்னு சொல்லிட்டாருங்க லியோ தம்பி” என்றாள் சாராள், மீன் கழுவிக்கொண்டே.

“அவனுக்கு ஆவலன்னு சொல்லு. ஏசியில உக்காந்தா மூளை வந்துடுமா?”

“உங்களுக்கு ஆவலைன்னா சொல்லிடுங்க. சாயங்காலம் பஸ் ஏறி அவருகிட்டயே போயிட்டு வந்துடறேன்.”

அந்த வார்த்தை போதும்.

யேசுராஜ் வருஷத்தை மாற்ற மேல் அம்புக்குறியை அழுத்தினான். அசையவில்லை. ஆத்திரத்தில் எண்பது தடவை குத்தினான். குத்தியதெல்லாம் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் லாரி நிற்பது மாதிரி வரிசையில் நின்று, திடீரென்று மொத்தமாகத் திறந்துவிட்டது. வருஷம் இரண்டாயிரத்துத் தொண்ணூற்று மூன்றில் போய் நின்றது.

அந்த வருஷம் லியோவும் இருக்க மாட்டான் என்பதில் அவனுக்கு ஒரு சின்ன ஆறுதல்.

திரும்பி இறங்கிவர வேண்டும். ஒரு வருஷம் இறங்குவதற்குள் மீன் குழம்பு கொதித்து, இறக்கி, ஆறிவிட்டது. இதைத் தரையில் ஒரு போடு போட்டால்தான் சரிப்படும் என்று இரண்டு கையாலும் தூக்கினான்.

இடது கட்டைவிரலில் ஏதோ உறுத்தியது.

நகத்தளவு கறுப்புத் துண்டு. வயர் இல்லாத மவுஸுக்காகப் பக்கத்தில் செருகுவது. அந்த மவுஸ் போன கிறிஸ்துமஸுக்கே செத்துப்போனது. துண்டு மட்டும் செருகியபடியே கிடந்ததில், மடிக்கணினியோடு பிறந்தது என்றே வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

நகத்தால் நெம்பிப் பிடுங்கினான்.

வெளிச்சப் பட்டை அவிழ்த்துவிட்ட வெள்ளாட்டுக்குட்டி மாதிரி ஓடியது. கெட்டுப்போன அந்தத் துண்டுதான் இத்தனை நேரம் அதன் காலைக் கட்டிவைத்திருக்கிறது. வருஷம், மாதம், நாள் எல்லாம் தொட்டதும் மாறின. சேமித்தான். திரையில் சாராளின் சபை வாலிபர் முகாம் படம் வந்து நின்றது.

சாராள் ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

“ஐயோ, லியோ தம்பியாலயே ஆவாததை நீங்க முடிச்சுட்டீங்களே!”

கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் அவள் அவனை அப்படிப் பார்த்ததே இல்லை. யேசுராஜின் நெஞ்சு சட்டைப் பொத்தான் தெறிக்கும் அளவுக்குப் புடைத்தது. ஒன்று தெறித்தே விட்டது. அதை எடுக்கத்தான் குனிந்தான்.

பொத்தானுக்குப் பக்கத்தில் அந்தக் கறுப்புத் துண்டு மல்லாந்து கிடந்தது.

செருகியிருக்கும்போது உள்ளே மறைந்திருக்கும் தகரப் பகுதி. அதன் மேல், சரியாக நடுவில், ஒரு சிவப்புப் பொட்டு.

யேசுராஜ் அதை உள்ளங்கையில் வைத்துப் பொத்திக்கொண்டான்.

சாராள் அதற்குள் போனை எடுத்துவிட்டாள். “நீங்களே கண்டுபுடிச்சிட்டீங்கன்னு லியோ தம்பிகிட்ட சொல்லிரட்டுங்களா?”

“வேணாம்” என்றான் யேசுராஜ். “அவனுக்குத் தெரியும்.”