லைனில் கை வைத்தவன்

கதவில் ‘குவாண்டம் பாதுகாப்பு அதிகாரி’ என்று பித்தளைப் பலகை மாட்டி நான்கு வருடமாகியும், அவருடைய லைனை ஒட்டுக்கேட்க ஒருவனும் வரவில்லை. அதில் அதிகாரிக்கு உள்ளூர வருத்தம்தான்.

இன்று வந்துவிட்டான்! திரையில் பிழை விகிதம் எகிறியது. அந்த லைனில் ரகசியச் சாவி ஒளித்துகள்களாகப் போகும்; வழியில் யாராவது ஒரு துகளைத் தொட்டாலே அது கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். சாவி உருவாகாது. சாவி இல்லாமல் தலைமை அலுவலகத்துக்கு ஆள்குறைப்புப் பட்டியல் போகாது. ஐந்து மணிக்குள் போகாவிட்டால் ஆள்குறைப்பே ரத்து.

நாலரைக்கு, மாடிப்படிக்குக் கீழே கருவியும் கையுமாக ஆள் சிக்கினான். பணியாளர் பிரிவில் தட்டச்சு செய்யும் சொந்த மச்சான்.

“ஒட்டுக்கேக்கறியா?”

“எதுக்கு மாமா? லிஸ்ட்டை அடிச்சதே நான்தான். காலையிலயே சொல்ல வந்தேன், நீங்கதான்...”

“ஆபீஸ் ரகசியத்தை என் காதுல போடாதேன்னேன்ல! உன் பேரு இருக்கா அதுல? கடமைன்னா கடமைதான்.”

“அரை மணி நேரம் விடுங்க மாமா. அக்காவுக்காக.”

அதிகாரி காவலாளிகளைக் கூப்பிட்டார்.

ஐந்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் பட்டியல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. மேலாளரே வந்து கைகுலுக்கினார்.

“உங்களாலதான் சார் லிஸ்ட் நேரத்துக்குப் போச்சு. அதுல ஒரே பேருதான், உங்க பேரு. எவனும் ஒட்டுக்கேக்காத லைனுக்கு எதுக்கு அதிகாரின்னு மேலிடத்துல கேட்டுட்டாங்க.”

“இன்னைக்கு ஒருத்தன் வந்தானே சார்!”

“அவனையும்தான் அனுப்பிட்டோமே. இனிமே எவன் வரப்போறான்?”