அடியில் ஒரு வளையம்

வயிற்றில் பிள்ளை உண்டா என்று சொல்ல ஐந்நூறு பியாஸ்தர். சைகோனின் பென் தான் சந்தைக்குப் பின்னாலிருக்கும் இந்தப் பரிசோதனைக்கூடத்தில் பேரமே கிடையாது. துணிக்கடை சௌந்தரம் அதையும் நானூறாக்கிவிட்டுத்தான் பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருக்கிறாள். புருஷன் போன மாதம் வுங் டாவ் சாலையில் கண்ணிவெடியில் செத்துப்போனான். அவளுடைய சிறுநீரும் மருந்தும் கலந்த குழாய் மேசையில் அசையாமல் நிற்கிறது. அடியில் பழுப்பு வளையம் கட்டினால் பிள்ளை உண்டு. அடியைக் காட்டக் குழாய்க்குக் கீழே சாய்த்து வைத்த கண்ணாடியில் மின்விசிறியின் நிழல் மட்டும் சுற்றுகிறது. ராணுவ லாரி ஒன்று தெருவை உலுக்கிக்கொண்டு போக, கூடத்தை நடத்தும் காரைக்கால்காரர் அந்துவான் இரண்டு கையாலும் மேசையை அழுத்திப் பிடிக்கிறார். பிறகு குனிந்து பார்க்கிறார். “நேரமாச்சுக்கா. வளையம் கட்டல.” “லாரி ஆட்டிடுச்சு தம்பி. இன்னொண்ணு போடுங்க, முழு ஐந்நூறும் தர்றேன்.” “லாரிக்குப் பயந்துதான் இன்னொரு குழாயை உள்ளறையில மணல்மேல வச்சேன். அதுலயும் இல்லக்கா.” “இன்னும் அரைமணி விட்டுப் பார்த்தா?” அது வராது என்று அந்துவானுக்குத் தெரியும். “சரிக்கா, விடுவோம்” என்று, குழாய் ஆடாமலிருக்க விசிறியையும் நிறுத்துகிறார். சௌந்தரம் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். சைகோனுக்கு வந்தவர்கள் இரண்டு பேர், போனவர் ஒருவர், மிச்சம் ஒருத்தி. கணக்கு நேராகத்தான் இருக்கிறது.