டிரைவ்வேயில் நின்ற வேன்

“ஒரு ராத்திரி வேன் நின்னா காலனி அசோசியேஷன்காரன் என்ன தலையையா வாங்கிடுவான்—”

“லெட்டர் போடுவான், ஞானம். உனக்கென்ன, பதில் சொல்லப்போறது நான்தானே—”

மாடிப்படியின் உச்சியில் நின்று மோசஸும் ஞானமணியும் அடிக்குரலில் சண்டை போட்டார்கள். வேன் ஒரு சாக்கு என்று ஞானமணிக்குத் தெரியும்.

கீழே, டாலஸை ஒட்டிய ஃபிரிஸ்கோவின் அந்தப் புது வீட்டுச் சமையலறையில், அவர்கள் மகள் அபிகாயில் மூன்று வெள்ளைக்காரப் பையன்களுக்கு இடியாப்பத்தில் சொதி ஊற்றிச் சாப்பிடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கடல் தாண்டி லீட்ஸுக்கு மைக்ரோபயாலஜி படிக்கப் போனவள். ஹாஸ்டல் லாண்டரியில் துணிக்குக் காத்திருந்தபோது தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தாளாம். அடுத்த மெஷினுக்குக் காத்திருந்த இந்த மூன்று பேரும் பாட ஆளில்லாத ஒரு பேண்ட் வைத்திருந்தார்களாம்.

அவ்வளவுதான், படிப்பு போயிற்று.

முதல் கச்சேரியில் மேடையில் நாலு பேர், எதிரே மூன்று பேர். பிறகு அந்த ஊர் ரேடியோவில் ஒரு பாட்டு வந்தது. ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு கச்சேரியையும் யாராவது யூட்யூபில் போட்டார்கள்.

இன்று மாலை டாலஸில், ஒரு பெரிய பேண்ட் மேடையேறுவதற்கு முன்னால் அரை மணி நேரம் அவர்களுக்கு. அம்மா பெயரையும் அப்பா பெயரையும் அரங்கு வாசலில் கொடுத்துவைத்திருக்கிறாள்.

மோசஸ் மகளோடு பேசி இரண்டு வருஷம் ஆகிறது. சர்ச் கொயரை நடத்துகிறவர் அவர். அவள் குரலைச் செதுக்கியதே அந்தக் கொயர்தான். அந்த பேண்ட் இரைச்சலை இந்த வீட்டில் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் ஞானமணி மகளின் பாட்டைக் கேட்பதெல்லாம் காஸ்ட்கோ கடையின் பார்க்கிங்கில், காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான்.

இப்போது அவருக்கு முட்டி வலித்தது. ரொம்ப நேரம் நிற்க முடியாது. காதுக்கு ஆகாது. வெள்ளிக்கிழமை, கொயர் பிராக்டிஸ் வேறு இருக்கிறது.

தான் ஊபர் பிடித்துப் போய்க்கொள்வதாகவும், வரும் வழியில் அவர் முட்டி ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டு வருவதாகவும் ஞானமணி சொன்னாள்.

கீழே நாற்காலிகள் நகர்ந்தன. கிளம்பும் நேரம். பையன்கள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வேனுக்குப் போனார்கள்.

அபிகாயில் படியடியில் வந்து நின்று நிமிர்ந்தாள். அம்மாவிடம் போய்வருவதாகச் சொன்னாள். அப்பாவைப் பார்த்தாள். வாசல் பக்கம் திரும்பினாள்.

மோசஸ் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இரண்டு படி இறங்கினார்.

ஞானமணியும் பின்னாலேயே இறங்கினாள். வேனைப் பற்றித்தான் ஏதோ கத்தப்போகிறார்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“லீட்ஸ்ல கடைசிப் பாட்டை ஒரே மூச்சுல பாடினியே அபி, கிளாஸ்கோல மட்டும் ஏன் நடுவுல மூச்சு வாங்கினே?”