கைச்சூடு

கோத்தகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கு பைக்கில் போய்வரும் நர்ஸ் ஜெசிந்தாவின் விரல்கள் மார்கழியில் விறைத்துவிடும். அந்தக் கை பட்டதும் கர்ப்பிணிகள் வயிற்றை எக்கிக்கொள்வார்கள். அதனால் அவள் கணவன் டென்னிஸ் பைக்கின் பழைய கைப்பிடி ரப்பரை அறுத்தெடுத்துவிட்டு, பேட்டரியிலிருந்து வயர் இழுத்து, சூடேறும் கைப்பிடிகளை மாட்டினான்.

"பிடிச்சுப் பாரு."

பிடித்தவள் விடவே இல்லை.

மறுநாள் பனியில் பைக்கில் மேலேறி நிரோஷாவின் வீட்டுக்குப் போனாள். காலையிலிருந்து குழந்தை அசையவில்லையென்று நிரோஷா பயந்துபோயிருந்தாள். ஜெசிந்தா வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள். நிரோஷா வழக்கம்போல் கண்களை இறுக மூடினாள். ஆனால் இன்று கை சில்லிடவில்லை. சற்று நேரத்தில் உள்ளேயிருந்து ஓர் உதை, அதன்மேல் இன்னொன்று.

"சிஸ்டர், கைய எடுத்துறாதீங்க," என்றாள் நிரோஷா, சிரிப்பும் அழுகையுமாக.

அவள் மாமியார் சேலையை முழங்காலுக்கு ஏற்றிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்புறம் இந்த முட்டியிலயும் கொஞ்சம் வைங்கம்மா."