ஆகாத மருந்து

"குழந்தையோட அம்மா எங்கே?"

மருந்து அடுக்குகளுக்கு முன்னால் நின்றபடி ஃபோலாகே கேட்டாள். நைஜீரியாவின் இபாதான் சந்தையில் அவள் மருந்துக் கடைக்குக் குழந்தையைத் தூக்கி வருபவர்கள் பெண்கள்தான். இவனோ ஆண். முகம் தெரியாத ஆள். அவன் தோளில் துவண்டு கிடந்த சிறுமியை மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரியும். நிகே.

அவன் பதில் சொல்லுமுன் குழந்தையைப் பார்த்தான். "ஊர்ல இல்ல, ஆன்ட்டி."

"நீங்க யாரு?"

"அப்பா. லாகோஸ்ல வேலை."

புருஷன் லாகோஸில் இருப்பதாக நிகேயின் அம்மா சொன்னதுண்டு. சந்தைக்கே தெரிந்த சேதி. அந்தப் புருஷன் நான்தான் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.

குழந்தையின் கழுத்து கொதித்தது. ஃபோலாகே நெற்றியில் ஈரத்துணி போட்டாள். விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை மலேரியா சோதனைப் பட்டையில் விட்டாள். கோடு தெரியும்வரை விசாரித்தாள். காய்ச்சல் எப்போது தொடங்கியது, எடை என்ன, போன தடவை என்ன மருந்து குடித்தாள்? அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"ஒரு மருந்து இவளுக்கு ஆகவே ஆகாது. குடிச்சா தொண்டை வீங்கி மூச்சு முட்டும். பெத்தவருக்கு அதுவுமா தெரியாது?"

"அது எது?" என்றான் அவசரமாக.

அவள் சொல்லவில்லை.

"அம்மாகிட்ட போகணும்" என்று நிகே முனகினாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

போன மாதம்தான் அடுத்த தெருவில் பிள்ளை பிடிப்பவன் என்று ஒருவனைக் கூட்டம் அடித்து நொறுக்கியிருந்தது. ஃபோலாகே வெளியே இருந்த பைக் டாக்சிக்காரர்களுக்குக் கண்ணைக் காட்டினாள். அவர்கள் வந்து வாசலை மறித்தார்கள்.

"என்ன ஓகா சார், லாகோஸ் போனா பெத்த பிள்ளையே மறந்துடுமா?" என்றான் ஒருவன்.

"இருங்க. இவ அம்மாவுக்கே போன் போடறேன்" என்றாள் ஃபோலாகே.

போட்டாள். மணி அவன் சட்டைப் பைக்குள் அடித்தது.

வாசலில் நின்றவர்கள் உள்ளே நகர்ந்தார்கள்.

"அம்மா போன்" என்று நிகே தலையைத் தூக்கினாள்.

அவன் மணியை நிறுத்தவில்லை. குழந்தையின் ஒரு காதைத் தன் மார்பில் சாய்த்து, மறு காதை உள்ளங்கையால் பொத்தினான்.

"போன வாரம் அடக்கம் பண்ணிட்டோம். இவகிட்ட இன்னும் சொல்லல" என்றான், தாழ்ந்த குரலில். "எந்த மருந்து ஆகாதுன்னு அவ உங்ககிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கா, ஆன்ட்டி."