சுருதி சுத்தம்

“அழுதது போதும். மூக்கைச் சிந்திட்டு ச பிடி,” என்றாள் அமுதவள்ளி.

சுருதிப் பெட்டி ஐந்து கட்டையில் ரீங்கரித்துக்கொண்டிருந்தது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியிலுள்ள தன் வீட்டிலேயே அவள் நடத்தும் பாட்டு வகுப்பில் இப்படி அதட்டல் கேட்பது ஒன்றும் புதிதல்ல. ஆனால் இன்றைக்குப் பாயில் யாருமே இல்லை. அதட்டியது, ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்திருந்த கைத்தொலைபேசியைப் பார்த்து.

“அம்மா, பயமா இருக்கும்மா. இப்பப் போயி பாடச் சொல்றீங்களே,” என்று விம்மியது அவள் மகள் ஷாமினியின் குரல்.

பக்கத்திலேயே ஓர் ஆண் சிரித்தான். “என்ன டீச்சர், உங்க பொண்ணைப் பிடிச்சு வச்சிருக்கோம்னு சொல்றேன். நீங்க கிளாஸ் எடுக்கிறீங்க?”

அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். போன வருடம் இதே கட்டடத்தின் வாசலில் ஒரு பெரியவரை அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் ஓடிய லோரியை, ஓட்டியவன் முகத்தோடு பார்த்தவள் அமுதவள்ளி. நாளைக்குக் கோர்ட்டில் அவள்தான் சாட்சி. “ஒன்னும் பார்க்கலன்னு சொல்லிடுங்க டீச்சர். பொண்ணு பத்திரமா வந்திடும். சிம்பிள் லா.”

முதலில் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த நிமிடம் அவன் என்ன கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பாள். வீட்டுத் தொலைபேசியிலிருந்து மகளின் எண்ணை அழைத்துப் பார்த்தால், அணைந்து கிடந்தது.

ஆனால் இன்று புதன்கிழமை. ஐந்தாம் படிவம் படிக்கும் பதினேழு வயது ஷாமினிக்குப் புதன் மாலை கணக்கு டியூஷன், அங்கே போனால் எப்போதும் கைத்தொலைபேசியை அணைத்துவிடுவாள். மேலும், ஒருவர் பேசியதைக் கொஞ்சம் பதிவு செய்தாலே கம்ப்யூட்டர் அதே குரலில் பேசிவிடும், ஏமாந்து போகாதீர்கள் என்று வாட்ஸ்அப்பில் தினமும் யாராவது ஒருவர் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. பாடச் சொன்னாள்.

ஏனென்றால் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாட்டுச் சொல்லிக்கொடுத்த அமுதவள்ளிக்குத் தன் பெண்ணிடம் மட்டும் பாச்சா பலிக்கவில்லை. பெட்டி ஒரு பக்கம் போகும், ஷாமினி வேறு பக்கம் போவாள். ஒரு நாள் பொறுமை போய், கிள்ளானிலிருந்து வந்த மாணவிகள் முன்னிலையில், “நீ வாயைத் திறக்காம இருந்தா அதுவே பெரிய உபகாரம்,” என்று சொல்லிவிட்டாள். அப்போது பிள்ளைக்குப் பத்து வயது. அதற்குப் பிறகு அவள் வீட்டில் பாடவே இல்லை.

எதிர் வீட்டு லூசிதான் அன்றைக்குப் பிள்ளைக்குச் சமாதானம் சொன்னாள். லூசி பின்தெரு சர்ச்சில் பாடகர் குழுவைப் பழக்குபவள். இவள் ச என்பதை அவள் டோ என்பாள். அவளுடைய குழுப் பிள்ளைகள் பாடுவதற்கு முன் வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்’ என்று ஒருமுறை முனகிப் பார்த்துக்கொள்வார்கள். “பசிச்ச பூனை மாதிரி என்ன இது?” என்று அமுதவள்ளி கேலி செய்வாள்.

“ச, ப, மேல் ச. பாடு,” என்றாள் இப்போது.

“பாடித் தொலை,” என்றான் அவன்.

விசும்பல் அடங்கியது. ‘ம்ம்’ என்று ஒரு மெல்லிய முனகல். அடுத்து ச வந்தது. பெட்டியின் ச எது, குரலின் ச எது என்று பிரிக்க முடியவில்லை. ப-வும் அப்படியே. மேல் ச லேசாக நடுங்கியது, ஆனால் இம்மி விலகவில்லை.

அமுதவள்ளிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாய்விட்டே சிரித்துவிட்டாள்.

“குரலைத் திருடத் தெரிஞ்ச மெஷினுக்கு என் பொண்ணோட அபஸ்வரத்தைத் திருடத் தெரியலையேடா! போடா, நாளைக்குக் கோர்ட்டுல பார்க்கலாம்.”

“அம்மா, கட் பண்ணாதீங்கம்மா! நான்தாம்மா...”

“உங்க இஷ்டம் டீச்சர்,” என்றான் அவன். இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

அவள் இணைப்பைத் துண்டித்தாள். ஒரு குவளைத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். அடுத்து போலீசுக்குச் சொல்லவேண்டும் என்று நினைத்தபோது, படிகளில் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. லூசி.

“அக்கா, ஷாமினி இங்க வந்தாளா?” அவளுக்கு மூச்சு வாங்கியது.

“அவளுக்கு இன்னிக்கு டியூஷன் லா. இங்க நடந்த கூத்தைக் கேளு முதல்ல.” அமுதவள்ளி நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். “ச அவ்வளவு சுத்தம் லூசி! அதுலதான் மாட்டிக்கிட்டான்.”

லூசி சிரிக்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா... புதன்கிழமை அவ வர்றது என்கிட்ட, சர்ச்சுக்கு. உங்க பிறந்தநாளைக்குப் பாடிக் காட்டணும், அதுவரைக்கும் அம்மாகிட்ட சொல்லாதீங்கன்னு கெஞ்சினா. இன்னிக்குக் காத்துக் காத்துப் பார்த்தேன், வரல.”

சுருதிப் பெட்டி இன்னும் ரீங்கரித்துக்கொண்டிருந்தது. அமுதவள்ளி கைத்தொலைபேசியை எடுத்தாள்.

லூசி அழத் தொடங்கினாள்.

“இப்பல்லாம் அவளுக்குச் சுருதி விலகுறதே இல்லக்கா.”