அக்கா அமுக்க வேண்டிய பொத்தான்

"மச்சானுக்கு எம்மேல நம்பிக்கை கிடையாது. அத வாயால சொல்லாம மெஷின வச்சு சொல்லிட்டாரு" என்றான் ஷெல்டன்.

படகைக் கழுவிக்கொண்டிருந்த காத்தமுத்து நிமிரக்கூட இல்லை. அந்தமானின் ஹேவ்லாக் தீவில் இந்தப் புலம்பலைக் கேட்காத ஆள் கிடையாது.

விஷயம் இதுதான். அப்பா ஜேசுதாசனின் டிங்கிப் படகை விற்ற பணத்தில் ஷெல்டனும் அக்கா ஆக்சிலியாவும் சேர்ந்து பிட்காயின் வாங்கினார்கள். அப்புறம் வந்தது சண்டை. அக்கா மகள் பிரிஸ்கில்லா சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்குத் தாய்மாமன் போகவில்லை. கப்பல் ஓடவில்லை என்று சாக்குச் சொன்னான். அன்றைக்கு அவன் டூரிஸ்ட்டுகளை டைவிங் கூட்டிப்போன கதையை யாரோ ஒரு புண்ணியவான் போர்ட் பிளேர் லம்பா லைனில் இருக்கும் அக்கா வீடு வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான். அன்றோடு அக்கா தம்பி பேச்சு நின்றது. ரெண்டு வருஷம் ஓடிவிட்டது.

சண்டை வந்த சூட்டோடு மச்சான் பென்னி ஒரு காரியம் செய்தார். போர்ட் பிளேரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர். போனில் இருந்த காயினை ஹார்டுவேர் வாலட்டுக்கு மாற்றினார். பென் டிரைவ் அளவுக்கு இரண்டு மெஷின். அக்காவிடம் ஒன்று, ஷெல்டனிடம் ஒன்று.

"போன்ல வைரஸ் வந்தா ஸ்கிரீனே பொய் சொல்லும் மாப்ள. நீ ஒருத்தருக்கு அனுப்புனது வேற எவனுக்கோ போயிரும். இந்த மெஷினுக்குள்ள இருக்க ஆப் அப்பிடி இல்ல. பணம் யாருக்குப் போகுதுன்னு மெஷினோட ஸ்கிரீன்லயே உள்ளது உள்ளபடி காட்டும். பணத்தத் தொறக்குற ரகசியச் சாவி மெஷின விட்டு வெளிய வராது. பொத்தான அமுக்குனாத்தான் பணம் நகரும்" என்றெல்லாம் விளக்கிவிட்டு, கடைசியில் குண்டைப் போட்டார்.

"நீயும் அக்காவும் பணம் போய்ச் சேர்ற அட்ரஸ எழுத்தெழுத்தா வாசிச்சு சரிபாக்கணும். மொதல்ல நீ அமுக்கணும், பொறவு அக்கா அமுக்கணும். ஒருத்தர் மட்டும் அமுக்குனா ஒண்ணும் நடக்காது."

இப்போது அமுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. சொந்த ஊருக்குக் கிளம்பும் ஃபின்லாந்துக்காரர் ஒருவர், டைவிங் சிலிண்டரில் காற்று நிரப்பும் கம்ப்ரஸரை விற்கிறார். அது கிடைத்தால் ஷெல்டன் இனி அடுத்த கடை வாசலில் சிலிண்டரோடு நிற்க வேண்டாம். ஆனால் மனுஷன் பிட்காயின்தான் வாங்குவாராம், அதுவும் மதியக் கப்பலுக்குள். அட்ரஸை அக்காவின் போனுக்கும் அனுப்பிவிட்டு எதிரே வந்து உட்கார்ந்திருந்தார்.

"அக்காவுக்கு போன் போடு" என்றான் காத்தமுத்து.

"நானா?"

"பின்ன, நானா?"

போட்டான்.

"சொல்லு" என்றாள் ஆக்சிலியா, வேறு யாரிடமோ பேசுவதுபோல.

"அட்ரஸ் வாசிக்கணும்."

"வாசி."

மெஷினின் குட்டித் திரையைப் பார்த்து வாசித்தான். "பி, சி, ஒண்ணு, கியூ, ஹெச்..."

"எட்டா, ஹெச்சா?"

"ஹெச். ஹேவ்லாக்குக்கு போடுற ஹெச்."

"அச்சா. மேல வாசி."

"ஏழு. எல். லம்பா லைன் எல். அப்புறம் பி."

"எந்த பி? பென்னியா?"

"இல்லக்கா. பிரிஸ்கில்லா."

ஷெல்டனுக்கு அடுத்த எழுத்து கண்ணில் படவில்லை.

"எப்பிடி இருக்கா?" என்றான்.

"என் தோளுக்கு வளந்துட்டா. கப்பல் சத்தம் கேட்டா மாமா வருதான்னு இன்னும் கேக்கா."

"தப்புதான்க்கா. அன்னைக்கு கப்பல் ஓடுச்சு. நாலு டூரிஸ்ட்டுக்கு ஆசப்பட்டுட்டேன்."

"இத ரெண்டு வருஷம் முன்னாடி சொன்னா என்னல? ஒனக்குன்னு எடுத்து வச்ச கேக்க எறும்பு தின்னுச்சு. நானும் தூக்கிப் போட மனசில்லாம வச்சிருந்தேன்."

அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. ஷெல்டன் இரண்டையும் செய்துகொண்டிருந்தான். காத்தமுத்து மரியாதையாகக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"கிறிஸ்மஸுக்கு வாறேன்க்கா."

"வரலன்னா ஹேவ்லாக்குக்கே வந்து காதத் திருகுவேன். சரி, எங்க விட்டோம்?"

"பிரிஸ்கில்லாவுல."

அதன் பிறகு வாசிப்பு சொந்தபந்தம் எல்லாரையும் விசாரித்தபடி ஊர்ந்தது. ஃபின்லாந்துக்காரர் மணியைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், மறுபடி பார்த்தார்.

"கடைசி எழுத்து எஸ். ஷெல்டன்."

"சண்டக்காரன்னு சொல்லு. எல்லாம் சரியா இருக்கு, அமுக்கு."

பொத்தானை அமுக்கினான். "ஆச்சு. இப்ப நீ அமுக்குக்கா."

"இரு, இந்த மெஷின் வயரக் காணும். ஒன் மருமவதான் எங்கயாச்சும் போட்டிருப்பா."

"ஜல்தி தேடுக்கா, கப்பல் வந்துரும்."

அதற்குள் ஃபின்லாந்துக்காரர் தன் போனைப் பார்த்துவிட்டு எழுந்தார். தீவில் கற்ற இந்தியை எடுத்துவிட்டார். "ஆ கயா, பாய். ஆ கயா." பணம் வந்துவிட்டதாம். ஷெல்டனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அக்கா, அமுக்கிட்டியா?"

"எங்கல அமுக்க? மெஷினுக்கு இன்னும் உசுரே வரல."

ஷெல்டன் கையிலிருந்த மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அப்போ ஒருத்தர் அமுக்குனாலே போதுமா? மச்சான் எதுக்கு இப்பிடி பொய் சொன்னாரு?"

"என்னங்க, இங்க வாங்க" என்று அக்கா அதட்டுவது கேட்டது. போன் கைமாறியது. பென்னி சாவகாசமாகத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒருத்தர் போதும்னு மொதல்லயே சொல்லியிருந்தா, நீ அக்காவுக்கு போன் போட்டிருப்பியா மாப்ள?"